மறுவீட்டுச் சொதியும் முப்பதாயிரம் ரூபாய்த் தண்டமும்

ஞாயிற்றுக்கிழமை வண்ணார்பேட்டை மறுவீட்டில் நடந்தது பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வராதவர்களுக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழு அன்று மாலைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. இலையில் தேங்காய்ப்பால் சொதி விழுந்து, இஞ்சித் துவையலைத் தொட்டு முதல் கவளத்தை எடுக்கும் நேரத்தில், "வீட்டுக்குள்ளேயே கணக்குப்பிள்ளை மாமா இருக்காக, ஆனாலும் எனக்கு முப்பதாயிரம் தண்டம்" என்று மருமகப்பிள்ளை உரக்கச் சொன்னார். தண்டம் என்று அவர் சொன்னது கட்ட வேண்டி வந்த வருமான வரியை; அந்தக் கணக்குப்பிள்ளை மாமா நான்தான். பந்தி சிரித்தது. என் தங்கையும் சிரித்தாள். அதையும் பார்த்தேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சம்பளத்தில் கம்பெனி வரி பிடிக்கிறது என்பது வேறு, பிடித்தது போதும் என்பது வேறு. போதுமா என்று பார்க்க வேண்டியவர் சம்பளம் வாங்குகிறவர். அவருடைய மாமா அல்ல.

மருமகனின் சம்பளத்தைப் பொதுவில் எழுதுவது மரியாதையில்லை என்பதால், யாரோ ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். 2024-25 நிதியாண்டில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கம்பெனியில் மாதம் 60,000 ரூபாய்; அக்டோபர் முதல் மார்ச் வரை வேறொன்றில் 80,000 ரூபாய். பழைய கம்பெனி ஆண்டுக்கு 7,20,000 என்று மதிப்பிட்டு, சம்பளக்காரர்களுக்கான நிலையான கழிவு 75,000 போக, அப்போது வரி வராத ஏழு லட்சத்துக்குள் வருகிறது என்று புதிய வரி முறையில் ஒன்றும் பிடிக்கவில்லை. புதிய கம்பெனி, தான் கொடுக்கப்போவது 4,80,000 மட்டுமே என்று, அதே 75,000 கழிவை இரண்டாம் முறையும் கொடுத்து, அதுவும் ஒன்றும் பிடிக்கவில்லை. ஆனால் வருமான வரித்துறைக்கு அவர் ஒரே ஆள். 8,40,000-இல் ஒரே ஒரு முறை 75,000 கழித்தால் 7,65,000. ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டதால் அந்தச் சலுகை போயிற்று. வரி 26,500, செஸ் என்ற நான்கு சதவீதக் கூடுதல் வரி சேர்த்து 27,560. வருஷம் முடிவதற்குள் கட்ட வேண்டிய முன்வரியைக் கட்டாததற்கான வட்டியும் ஏறினால், ரிட்டர்ன் போடும் ஜூலையில் முப்பதாயிரத்தை ஒட்டி நிற்கும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு சம்பளச் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டி.டி.எஸ்., அதாவது பிடித்த வரி, என்ற இடத்தில் இரண்டிலும் பூஜ்யம் இருப்பதைப் பார்க்க ஒரு காப்பி குடிக்கும் நேரம் போதும்.

"பிடிக்க வேண்டியது கம்பெனியின் கடமை, பையனைக் குறை சொல்லலாமா?" என்று சிலர் கேட்பீர்கள். கடமைதான், மறுக்கவில்லை. ஆனால் சொல்லாததைக் கம்பெனி எப்படி அறியும்? பழைய சம்பள விவரத்தை ஃபார்ம் 12பி-யில் எழுதிக் கொடுத்திருந்தால், மிச்சமிருந்த மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்திருப்பார்கள். கொடுக்க மறந்தாலும், மார்ச் 15-க்குள் முன்வரியாகத் தானே கட்டியிருக்கலாம். "பன்னிரண்டு லட்சம் வரை வரியில்லை என்று டிவியில் சொன்னார்களே" என்பது அடுத்த கேள்வி. சொன்னார்கள், 2025 பிப்ரவரியில். அது 2025-26-க்கான அறிவிப்பு. முந்தின வருஷத்துச் சம்பளத்துக்கு அதைக் காட்டுவது, நாளைய பஸ் டிக்கெட்டை நேற்றைய கண்டக்டரிடம் நீட்டுவது போல. "பிடிக்காமல் விட்டதால் பணம் கையில்தானே இருந்தது" என்று ஒரு மேதை கேட்டார். இருந்தது. இப்போது அது புதுச் செல்போனாக இருக்கிறது.

நான் தவறே செய்யாதவன் என்று பேசவில்லை. 2017-18-இல் அம்மாவின் வீட்டை விற்று என் பங்குக்கு வந்த பணத்தை வங்கியில் வைப்பாகப் போட்டிருந்தேன். வட்டி 84,000 ரூபாய். வங்கி பத்து சதவீதம், அதாவது 8,400 பிடித்துக்கொண்டது. அத்தோடு தீர்ந்தது என்று இருந்துவிட்டேன். நானோ இருபது சதவீத வரம்பில் இருந்தவன். ரிட்டர்ன் போட உட்கார்ந்த பிறகுதான், என் பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26 ஏ.எஸ். தாளில் விரலை வைத்துக் கூட்டிப் பார்த்து, இன்னும் ஒன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கட்ட வேண்டும் என்று தெரிந்தது. வீட்டுக்காரி ஆடித் தள்ளுபடிக்கென்று அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்த பணம் போனது. அன்று நான் எந்த மாமாவையும் பந்தியில் வைத்துக் கேட்கவில்லை.

கணக்கெழுதுகிறவன் வீட்டில் இருந்தால் கணக்கு தானாக எழுதப்பட்டுவிடும் என்று எப்படி நினைக்கிறார்கள்? இருபத்தெட்டு வருஷம் பிறர் சம்பளப் பட்டியலைப் போட்டேன். வீடு கட்ட, கடன் வாங்க, கல்லூரியில் சேர்க்க என்று ஒவ்வொருவரும் தாளோடு வந்தபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒருவரிடமும் காசு கேட்டதில்லை. வரி என்று வந்ததும் தாள் வரவில்லை, பழி மட்டும் வந்தது. "சின்னப் பையன், விளையாட்டாகச் சொன்னான், விடுங்கள் அண்ணாச்சி" என்பவர்களுக்கு: சின்னப் பையனுக்கு வயது முப்பத்தொன்று.

2024 நவம்பரில், வேலை மாறியதைக் கேள்விப்பட்டதும், "பழைய கம்பெனிக் கணக்கைப் புது இடத்தில் கொடுத்தாச்சா?" என்று நான்தான் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அது இன்னும் என் போனில் இருக்கிறது. பந்தியில் எடுத்துக் காட்டியிருக்கலாம், கையெல்லாம் சொதி.