எக்ஸ்பயரி அன்று நடப்பது முதலீடு இல்லை

"ஷேர் மார்க்கெட்டே சூதாட்டம்தான்" என்று ஒரேயடியாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நல்ல கம்பெனியின் பங்கை வாங்கி வருடக்கணக்கில் வைத்திருப்பவருக்கு அந்தத் தொழிலில் உரிமை இருக்கிறது. தொழில் வளர்ந்தால் அவருக்கும் லாபம். அதற்காக வேறு யாரும் தோற்க வேண்டியதில்லை.

ஆப்ஷன் அப்படியில்லை. ஒரு பங்கையோ இன்டெக்ஸையோ (சந்தைக் குறியீட்டையோ) குறித்த நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ தரும் உரிமைதான் ஆப்ஷன். அந்தக் கடைசி நாள்தான் எக்ஸ்பயரி. ஒருவர் எடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் எதிரில் இருப்பவர் விட்ட ரூபாய். நடுவில் புரோக்கரேஜ், எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), ஜிஎஸ்டி எல்லாம் போய்விடுவதால், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு நஷ்டத்தில்தான் முடியும்.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் படித்துப் பாருங்கள். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃப்யூச்சர், ஆப்ஷன் வர்த்தகத்தில்) இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அதில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தமாகப் போனது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். என்னை உலுக்கியது இன்னொன்று: தொடர்ந்து நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் விடாமல் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"திறமை இருந்தால் ஜெயிக்கலாம்" என்பார்கள். திறமை இருக்கிறது, ஆனால் அது எதிர்ப்பக்கம் இருக்கிறது. அதே ஆய்வின்படி, 2023-24இல் வெளிநாட்டு நிதி நிறுவனங்களின் லாபத்தில் 97 சதவீதமும், சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களின் லாபத்தில் 96 சதவீதமும் அல்கோ (தானாக வாங்கி விற்கும் கம்ப்யூட்டர் நிரல்) மூலம் வந்தவை. செல்போனை வைத்துக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டர்களோடு மோதுகிறான் நம்ம பையன்.

எங்கள் தெரு டீக்கடையில் எக்ஸ்பயரி நாளான செவ்வாய்க்கிழமை மதியம் இதை நேரிலேயே பார்க்கலாம். டெலிகிராமில் ஒரு 'ஹீரோ ஜீரோ' கால் வரும், அதாவது பல மடங்காகும் அல்லது பூஜ்யமாகும் என்ற ஆப்ஷனை வாங்கச் சொல்லும் டிப்ஸ். 14 ரூபாய் ப்ரீமியத்துக்கு (ஆப்ஷனின் விலை) வாங்கியது கண்ணெதிரே ஒன்பது, ஐந்து, மூன்று என்று இறங்கும். டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றரைக்கு அது பூஜ்யம். எந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்ற பேச்சே அங்கே எழாது. ஏறுமா, இறங்குமா, அவ்வளவுதான்.

சரி, கையில் பங்கு வைத்திருப்பவர் விலைச்சரிவுக்குப் பாதுகாப்பாக புட் (குறித்த விலைக்கு விற்கும் உரிமை தரும் ஆப்ஷன்) வாங்கினால்? அது நியாயமான பயன்பாடு. அதற்காகத்தான் ஆப்ஷன், ஃப்யூச்சர் அடங்கிய டெரிவேட்டிவ் சந்தையே வந்தது. டீக்கடையில் இருக்கும் பையனிடம் பாதுகாக்க எந்தப் பங்கும் இல்லை.

சட்டத்தைப் பாருங்கள். பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு. 1999இல் பங்குப் பத்திரச் சட்டத்தைத் திருத்தி, வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும் எக்ஸ்சேஞ்சில் நடக்கும் டெரிவேட்டிவ் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதிய பிறகுதான் இதற்கு வழி பிறந்தது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு தடை செய்தது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை, ரம்மியும் போனது. அதே அரசு வாராந்திர ஆப்ஷனில் எஸ்டிடி வசூலிக்கிறது. இது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

செபி 2024 நவம்பரிலிருந்து ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு இன்டெக்ஸில் மட்டும் வாராந்திர எக்ஸ்பயரி என்று குறைத்தது. நல்ல காரியம், ஆனால் போதாது. 2024-25 நிதியாண்டிலும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று செபியே சொன்னது. வாராந்திர எக்ஸ்பயரியை முழுசாக எடுக்க வேண்டும். வருமானம், சேமிப்பு பார்த்துத்தான் ஆப்ஷன் கணக்கைத் திறக்க அனுமதிக்க வேண்டும். அதுவரை உங்கள் வீட்டில் யாராவது கடன் ஆப்பில் பணம் எடுத்து இதில் போட்டால், "ட்ரேடிங் பண்றான்" என்று விட்டுவிடாதீர்கள். உட்கார வைத்து, கணக்கைத் திறக்கச் சொல்லி, மொத்த லாப நஷ்டத்தைக் கேளுங்கள்.