ஆச்சியின் உள்ளங்கால்

அமெரிக்காவில் 1984-ல் வெஸ்ட்பெர்க் என்ற லூத்தரன் சபைப் பாதிரியார் தொடங்கிய ஆலயச் செவிலியர் பணியை, அதாவது தேவாலயத்துக்கு வருகிறவர்களின் உடல்நலத்தை நர்ஸ்கள் கவனிக்கும் பணியைச் சொல்லி, அந்த நர்ஸ்களுக்குத் தொடர் பயிற்சி வேண்டும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரிதான், ஆனால் அவ்வளவு தூரம் போவானேன், தைப்பூசத்துக்கு எங்கள் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடக்கிறவர்களைப் பாருங்கள்.

நான் ஓய்வு பெற்ற நர்ஸ், வருடா வருடம் குன்றக்குடி தாண்டி ஒரு பந்தலில் உட்காருவேன். போன தையில் ஒரு ஆச்சி, "காலு ஈரமா இருக்கு, என்னன்னு பாரு ஆத்தா" என்று வந்தார். உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து மண் ஒட்டியிருக்கிறது, வலியே இல்லை என்கிறார்! பல வருடச் சர்க்கரை நோய், கால் மரத்துப் போயிருக்கிறது. விரதம் என்று ஒருவேளைச் சாப்பாடு, மாத்திரை மட்டும் தவறாமல். ஊசி குத்திப் பார்த்தால் சுகர் 62, ரொம்பக் குறைவு. உதவிக்கு வந்த சின்ன நர்ஸோ காலைக் கட்டி அனுப்பிவிடப் பார்த்தாள்.

அவளைத் திட்ட மனசு வரவில்லை. பதிவைப் புதுப்பிக்க 5 வருடத்தில் 150 மணி நேரப் பயிற்சி என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில், நல்ல விஷயம்தான். ஆனால் நேர்த்திக்கடன் என்று நிற்பவரிடம், "மீதி வழிக்கு வண்டியில் வாங்க ஆச்சி, முருகன் கோவிச்சுக்க மாட்டான்" என்று மனம் நோகாமல் சொல்ல எந்த வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்? எனக்கே அதற்குச் சர்க்கரைத் தண்ணீரும் ஒரு மணி நேரமும் ஆனது.