கேப்டன் டாம் மூர்: அது வேறு பணம், இது வேறு பணம்

"டாம் மூர் நடந்து திரட்டியதை மகள் குடும்பமே சுருட்டிவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. பிரிட்டனின் முன்னாள் ராணுவ அதிகாரியான மூர், 2020 ஏப்ரலில், நூறு வயதை எட்டும் நேரத்தில், நன்கொடை திரட்ட வாக்கரைப் பிடித்தபடி 25 மீட்டர் தோட்டப்பாதையை நூறு முறை நடந்தார். எதிர்பார்த்தது ஆயிரம் பவுண்டு. வந்ததோ வரிச்சலுகையோடு சுமார் 3.89 கோடி! அது என்எச்எஸ் (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனைகளுக்கான அறக்கட்டளைக் கூட்டமைப்புக்கு நேராகப் போனது.

சர்ச்சை, அப்புறம் அவர் பெயரில் தொடங்கிய வேறொரு அறக்கட்டளை பற்றியது. அதில் மகளும் மருமகனும் சொந்த லாபம் பார்த்ததாக 2024 நவம்பரில், அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான அறக்கட்டளை ஆணையம் கண்டித்தது. அது நியாயமான கண்டனம்தான். ஆனால் நடைப்பணம் அந்த விசாரணையிலேயே இல்லை. விசாரணை தொடங்கியது 2022இல். பர்மா போர்முனையில் பணியாற்றிய அந்த மனிதர் 2021 பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார்.