பெயரில்லாத மீனை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

கெண்டை, கெளுத்தி, விரால் என்று நம் ஊரிலேயே பெயர் இருக்கும்போது வாயில் நுழையாத லத்தீன் பெயர் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பவானி, அமராவதித் தண்ணீரில் வளர்ந்த நமக்குத்தான் அந்தப் பெயர்களும் அவற்றை வைக்கும் விதிகளும் மற்றவர்களைவிட அதிகம் தேவை என்பது என் கட்சி.

விலங்குகளுக்குப் பெயரிட உலகம் முழுக்க ஒரே சட்டம்தான். 1758 ஜனவரி 1-க்குப் பிறகு முறைப்படி முதலில் வெளியான பெயரே செல்லும். வைத்தவர் பெரிய பேராசிரியரா, சின்ன ஊர்க்காரரா என்று பார்ப்பதில்லை. 2000 முதல் வைக்கும் பெயர் என்றால், எந்த மீனை மாதிரியாக வைத்துப் பெயரிட்டார்கள், அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றும் சொல்லியாக வேண்டும். அந்த மாதிரி மீன்தான் மூலப்பத்திரம். மூலப்பத்திரம் இல்லாத காட்டை நம்மில் யார் கிரயம் செய்வார்கள்?

இந்த விதிகள் நமக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்குக் காவிரியின் பெரிய கெண்டை இனமான திமில் மகசீரே சாட்சி. 1946-ல் காவிரியின் கிளையாறான கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒரு மீன் 120 பவுண்டு. வெள்ளைக்காரர்கள் கப்பலேறி வந்து பிடித்துவிட்டுப் போன மீன். இவ்வளவு புகழ் இருந்தும் 2018 வரை அதற்கென்று உறுதியான அறிவியல் பெயர் கிடையாது. 1839-ல் தக்காணத்து மீன் ஒன்றுக்கு ஆங்கிலேய அதிகாரி சைக்ஸ் வைத்த 'முசுல்லா' என்ற பெயரை இதன்மேல் ஒட்டியிருந்தார்கள். ஆராய்ந்து பார்த்தால் அது வேறு கெண்டை. இந்தக் குழப்பம் நடந்த காலத்திலேயே மகாராஷ்டிரத்து லோனாவாலா பண்ணையிலிருந்து நீலத்துடுப்பு மகசீர் குஞ்சுகள் காவிரிக்கு வந்து இறங்கின. உள்ளூர் மீன் குறைந்துகொண்டே போனது. பெயரில்லாததை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

கடைசியில் விடை நம் பக்கத்திலேயே இருந்தது. கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த சின்ன மகசீர்களுக்கு குரூப், ராதாகிருஷ்ணன் இருவரும் 'டோர் ரெமாதேவிஐ' என்று முன்பே பெயர் வைத்திருந்தார்கள். பாம்பாறு வேறெங்கும் போகவில்லை, நம் அமராவதி அணைக்குத்தான் வருகிறது. மோயாற்று மீன்களையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, திமில் மகசீரும் இதுவும் ஒன்றே என்று 2018-ல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். முந்திய பெயருக்கே உரிமை என்பதால் புதுப்பெயர் தேவைப்படவில்லை. அதே ஆண்டு, அழியும் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக அது இடம்பெற்றது.

ரெமா தேவி இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் மீனியல் அறிஞர். பெண்ணின் பெயரில் வைத்தால் விகுதி வேறாக இருக்க வேண்டும். ஆனாலும் முதலில் அச்சான எழுத்தே இன்றும் வழக்கில் இருக்கிறது. எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது. இருந்தும் ஆளுக்கு ஆள் திருத்தக் கிளம்பினால் பழையபடி முசுல்லா குழப்பம்தான் வரும்.

வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர்களை எல்லாம் மாற்றச் சொல்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அப்படி மாற்ற முடியாது என்று பெயரிடல் ஆணையத்தார் 2023-ல் தெளிவாக எழுதிவிட்டார்கள், அது சரி. பெயர் எந்த மொழிச் சொல்லாகவும் இருக்கலாம் என்று அதே சட்டம்தான் இடம் கொடுக்கிறது. ஓடைப் பாறைகளில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு மீன் பேரினத்துக்கு 1920-ல் இந்திய மீனியல் அறிஞர் ஹோரா வைத்த பெயர் 'பவானியா'. நம் ஆறு உலகத்து மீன் நூல்களில் எல்லாம் இருக்கிறது!

எனக்கு ஆதங்கம் வேறொன்றில். நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் ஃபார்மலின் சாடிகளில் வரிசையாக மீன்களைப் பார்த்தேன். எந்த ஆறு, எந்த இடம், எந்தத் தேதி என்று ஒரு சீட்டுகூட இல்லை. அவற்றில் ஒன்று நாளைக்குப் புது இனமாகவே இருந்தாலும் எங்கே பிடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கோவை, ஈரோட்டு விலங்கியல் மாணவர்களே, சாடிக்குள் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்றைப் போடுங்கள். மகசீர் கிடைத்தால் மட்டும் சாடி வேண்டாம். படம் எடுத்து, துடுப்பில் ஒரு துணுக்கு வெட்டி வைத்துக்கொண்டு, மீனை ஆற்றிலேயே விட்டுவிடுங்கள்.