ஓமிவா கோயிலில் கருவறை எரிந்துபோகவில்லை

ஜப்பானின் நாரா மாகாணத்தில் உள்ள ஓமிவா என்ற ஷிண்டோ (ஜப்பானின் பாரம்பரிய சமயம்) கோயிலைப் பற்றி ஒருவர், "கருவறை போரில் எரிந்துவிட்டது, வெறும் முன்மண்டபம்தான் மிச்சம், மலையிலும் ஏற விடமாட்டார்கள், போவது வீண்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

அங்கே கருவறை இல்லாதது அழிவால் அல்ல. 467 மீட்டர் உயரமுள்ள மிவா மலையே அங்கு வழிபாட்டுக்குரிய புனித உடல். தெய்வமான ஓமோனோனுஷி அதில் உறைவதாக நம்பிக்கை. பிறகு எதற்குத் தனிக் கருவறை? இப்போதிருக்கும் வழிபாட்டு மண்டபம் 1664இல் ஷோகன் (ராணுவ ஆட்சியாளர்) தொக்குகாவா இயெட்சுனா காலத்தில் கட்டியது. அதன் பின்னால் மூன்று வாயில்கள் ஒட்டிய அபூர்வமான தோரி (ஷிண்டோ கோயில்களின் புனித நுழைவாயில்) இருக்கிறது. அதன் வழியாக மலையைத்தான் கும்பிடுகிறார்கள். ஜப்பானின் மிகப் பழைய வழிபாட்டு முறைகளில் ஒன்றாக இதைச் சொல்வதும் இதனால்தான்.

மலையேற்றத்துக்குத் தடை இல்லை, கட்டுப்பாடுதான். பக்கத்திலுள்ள சாய் என்ற சிறிய ஷிண்டோ கோயிலில் பதிவுசெய்து, காணிக்கை கட்டி, அவர்கள் தரும் வெள்ளைப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். படம் எடுக்கக் கூடாது, தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடக் கூடாது. (செல்ஃபிக்காகவே போகிறவர்களுக்கு வருத்தம்தான்.) மதியத்துக்குமேல் புதிதாக யாரையும் ஏற விடுவதில்லை, விழா நாட்களில் மூடிவிடுவார்கள். அப்படி எழுதியவர் போன நேரம் அப்படி அமைந்திருக்கலாம்.

ஏறாவிட்டாலும் வளாகத்தில் பாம்பு வாழ்வதாக நம்பப்படும் பெரிய சுகி (ஜப்பானிய ஊசியிலை மரம்) மரத்தைப் பாருங்கள். அதன் முன்னால் முட்டையும் சாக்கே மதுவும் படைத்திருப்பார்கள். மிவா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.