ஒப்புதல் வாக்குமூலத்துக்குப் பிறகு எத்தனை பக்கம்?

புதிதாக ஒரு க்ரைம் நாவல் கைக்கு வந்தால் நான் ஒன்றைத்தான் கவனிப்பேன். கொலைகாரன் ஒப்புக்கொள்ளும் இடம் எங்கே வருகிறது, அதற்குப் பிறகு எத்தனை பக்கம் மிச்சம் இருக்கிறது? கடைசி நாலு பக்கத்தில் இன்ஸ்பெக்டர் ஓங்கி ஒரு அறை விட, அவன் "ஆமா சார், நான்தான் செஞ்சேன்" என்று ஆரம்பித்து முழுக் கதையையும் கொட்டி முடித்தால், அந்தப் புத்தகத்தை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் சரி.

நான் கிரிமினல் வழக்குகள் நடத்தும் வக்கீல். நம் சட்டப்படி போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகக் கோர்ட்டில் நிரூபிக்கவே முடியாது. 1872ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைத்தான் சொன்னது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 23ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. ஒரே ஒரு விலக்கு உண்டு. போலீஸ் காவலில் அவர் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளுக்கு வழிகாட்டிய வாசகம் மட்டும் உள்ளே வரும். "அரிவாளைக் கெணத்து மேட்டுல பொதச்சு வச்சிருக்கேன், வந்தா எடுத்துத் தர்றேன்" என்பது வரும். "அந்த அரிவாளாலதான் வெட்டினேன்" என்பது வராது.

ஆக, நாவல் முடிகிற இடத்தில்தான் வழக்கே ஆரம்பிக்கிறது. யார் செய்தார்கள் என்று தெரிந்துவிட்டது. சரி, அதை எப்படி நிரூபிப்பது? எந்தச் சாட்சி கூண்டில் ஏறி உறுதியாக நிற்பார், எவர் பிறழ்வார்? இந்தக் கேள்விகளைத் தொடுகிற புதிய கதைகளைத்தான் நான் தேடித் தேடிப் படிக்கிறேன். வாசகர்களைக் கடைசியில் ஏமாற்றுகிற திருப்பத்தை ஒரு முறைதான் அனுபவிக்கலாம். நிரூபிக்கப் போராடும் மனிதர்களை மறுபடி மறுபடி படிக்கலாம்.

தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் அடிக்கடி வரும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். சம்பவம் நடந்து சில நாள் கழித்து, ஆள் கிராம நிர்வாக அலுவலரின் ஆபீஸுக்கு நடந்து வருகிறார். "நான்தான் செஞ்சேன், போலீஸ் தேடுது, காப்பாத்துங்க" என்கிறார். வி.ஏ.ஓ. அதை எழுதிக் கையெழுத்து வாங்கி, ஆளையும் காகிதத்தையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கிறார். போலீஸ் அல்லாத ஒருவரிடம் சொன்னது என்பதால் மேலே சொன்ன தடை இதற்குப் பொருந்தாது. குறுக்கு விசாரணையில் நாங்கள் கேட்பதெல்லாம் சின்னக் கேள்விகள். குற்றம்சாட்டப்பட்டவரை உங்களுக்கு முன்பே தெரியுமா? அவர் உங்கள் கிராமத்துக்காரரா? இல்லையென்றால், முன்பின் தெரியாத உங்களிடம் வந்து அவர் ஏன் கொலையை ஒப்புக்கொள்ள வேண்டும்? நீதிமன்றங்களே இதைப் பல தீர்ப்புகளில் சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கின்றன.

அந்த வி.ஏ.ஓ.வை யோசித்துப் பாருங்கள். பட்டா, சிட்டா, அடங்கல் என்று இருக்கும் மனிதர். ஒரு நாள் அவர் மேஜையில் அந்தக் காகிதம் வந்து விழுகிறது. நிஜமாகவே ஒருவர் வந்து அழுதாரா, அல்லது எழுதி வந்ததில் கையெழுத்து மட்டும் போடச் சொன்னார்களா? சில வருடம் கழித்துக் கூண்டில் நின்று அவர் என்ன சொல்லப் போகிறார்? இதில் துப்பாக்கி இல்லை, சேஸிங் இல்லை. ஆனால் ஒரு முழு நாவலுக்கான பதற்றம் இருக்கிறது, அதுவும் நம் ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய நாவல்.

வெளிநாட்டில் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். ஸ்வீடனில் மாய் ஷோவாலும் பெர் வாலூவும் சேர்ந்து 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள் எழுதினார்கள். முதல் நாவலின் பெயர் 'ரோசன்னா'. கால்வாயைத் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. அவள் யார் என்று கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. அமெரிக்காவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி என்று தெரிந்த பிறகு, அதே படகில் போன பயணிகளைப் பல நாடுகளில் தேடி, அவர்கள் எடுத்த விடுமுறைப் படங்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஓரத்தில் நிற்கும் முகங்களைப் பார்க்கிறார்கள். மேதாவித்தனம் எதுவும் கிடையாது. சலிப்பு, காத்திருப்பு, வயிற்று வலியோடு வேலை பார்க்கும் ஒரு போலீஸ்காரர், அவ்வளவுதான். இன்றைக்கும் கீழே வைக்க முடியவில்லை.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. செத்துப்போன பெண்ணுக்கு அந்த நாவல் ஒரு வாழ்க்கை கொடுக்கிறது. அவளோடு தங்கியிருந்த தோழியையும் பழைய காதலனையும் அமெரிக்காவில் விசாரித்த கேள்வி பதில்கள் அப்படியே வருகின்றன. படித்து முடிக்கும்போது அவள் எப்படிப்பட்டவள் என்று நமக்குத் தெரிகிறது. இப்போது வரும் எத்தனையோ த்ரில்லர்களில் முதல் அத்தியாயத்தில் ஒரு பெண்ணின் பிணம், உடம்பைப் பற்றி ஒரு பக்க வர்ணனை, அப்புறம் அவள் பெயர்கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது. அந்த மாதிரிப் புத்தகத்தை நான் அங்கேயே மூடிவிடுவேன்.

யார் கொலையாளி என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு ஜெயித்த கதைக்கு ஜப்பானில் உதாரணம் உண்டு. கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்', 2005இல் வந்தது, ஜப்பானின் நவோகி இலக்கியப் பரிசு வாங்கியது. கொலை நம் கண்ணெதிரே நடக்கிறது. பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் அதை மறைக்க உதவுகிறார். பிறகு போலீஸ் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் தயாராக இருக்கிறது. எப்படி என்பதுதான் கதை. படிக்காதவர்களுக்காக இதற்கு மேல் சொல்ல மாட்டேன். அதைப் படித்தால், ஆதாரம் என்பது எப்படிப் பார்ப்பவரின் எதிர்பார்ப்பைப் பொறுத்தது என்று விளங்கும்.

ஜப்பான் என்றதும் நிஜ வழக்கு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவாவோ ஹகமாடா முன்னாள் குத்துச்சண்டை வீரர், மிசோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுது தயாரிக்கும் தொழிற்சாலையில் தொழிலாளி. 1966இல் அந்த நிறுவன அதிகாரியின் குடும்பத்தில் நாலு பேர் கொல்லப்பட்டார்கள். ஹகமாடாவைக் கைது செய்து சுமார் இருபது நாள் தொடர்ந்து விசாரித்ததில் ஒப்புக்கொண்டார். கோர்ட்டில் மறுத்தார். ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து, மிசோ ஊறும் தொட்டிக்குள்ளிருந்து ரத்தக்கறை படிந்த துணிகளை எடுத்தார்கள். 1968இல் மரண தண்டனை. பிற்பாடு அந்தக் கால்சட்டையைப் போட்டுப் பார்த்தால் அவருக்கு ஏறவே இல்லை. மிசோவில் ஒரு வருடம் ஊறினால் ரத்தக்கறை கறுத்துப்போகும், ஆனால் அந்தத் துணிகளில் சிவப்பு இருந்தது. அந்த நிறத்தை வைத்துத்தான் மறுவிசாரணையே நடந்தது. 2024 செப்டம்பர் 26 அன்று, 88 வயதில், நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. ஆதாரங்கள் புனையப்பட்டவை என்று நீதிமன்றமே சொன்னது. அத்தனை வருடமும் அவருக்காக ஓடியது அவருடைய அக்கா.

ஒரு கறையின் நிறம் ஒரு மனிதரின் உயிரைத் தாங்கி நின்றிருக்கிறது. இந்த அளவுக்குப் பொருள்களை உற்றுப் பார்க்கும் எழுத்தாளர்கள் நமக்கு நிறைய வேண்டும்.

ஆரம்பத்தில் சொன்னேனே, இன்ஸ்பெக்டர் விடும் அறை, அந்த விஷயத்துக்கு வருகிறேன். லாக்கப்பில் அடித்து உண்மையை வரவழைப்பதை வீரமாகக் காட்டும் கதைகள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. எனக்கு இதில் சமரசமே கிடையாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடை வைத்திருந்த அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்துபோனார்கள். அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். இதற்குப் பிறகும் அடி விழுந்தால் உண்மை வரும் என்று எழுதுகிறவர்கள் எந்த ஊரைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. தமிழிலேயே மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' இருக்கிறது. கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டியவர், ஆந்திராவில் தான் பட்டதை அடிபட்டவனின் பக்கம் நின்று எழுதினார். 2016இல் திரைக்கு வந்த 'விசாரணை' படம் அதிலிருந்துதான் பிறந்தது. செய்யாத குற்றத்தை ஒருவர் ஏன் ஒப்புக்கொள்கிறார் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொன்ன புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை.

மயக்க மருந்து செலுத்திக் கேள்வி கேட்கும் நார்கோ டெஸ்ட்டில் எல்லாவற்றையும் உளறுவதும் இதே வகைதான். சம்மதம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது.

இன்றைக்கு எழுத வருகிறவர்களுக்குக் கிடைத்திருக்கும் களம் முன்பு யாருக்கும் கிடைத்ததில்லை. செல்போன் வந்ததும் க்ரைம் கதை செத்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள், டவர் பார்த்தால் ஆள் மாட்டிவிடுவானே என்று. டவர் காட்டுவது போன் இருந்த சுற்றுவட்டாரத்தை. போன் யார் கையில் இருந்தது என்று டவர் சொல்லாது. தெருமுனைக் கடையின் சிசிடிவி பதிவு பெரும்பாலும் சில வாரங்களில் தானாக அழிந்து, மேலே புதுப் பதிவு ஏறிவிடும். போலீஸ் போய்க் கேட்பதற்குள் அது போய்விட்டால்? கிடைத்தாலும், நகலாகக் கொடுக்கும்போது அதற்கான சான்றிதழ் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. முழு வழக்கும் அந்த ஒரு காகிதத்தில் தொங்கும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சோதனை போடுவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் வீடியோ எடுத்தாக வேண்டும். கைப்பற்றியதைச் சாட்சிகள் முன்னால் எழுதும் பத்திரமான மகஜரில் கையெழுத்துப் போட்டதாகச் சொல்லப்படும் சாட்சி அந்த வீடியோவில் இருக்கிறாரா, இல்லையா? இதிலிருந்து மட்டும் நாலு கதை எழுதலாம்.

சுஜாதாவின் கதைகளில் வரும் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். தமிழ் வாசகர்கள் அவர்களைக் கொண்டாடினார்கள். கோர்ட்டை மையமாக வைத்தால் யார் படிப்பார்கள் என்ற பயத்துக்கு அடிப்படையே இல்லை.

எனக்குப் படிக்க ஆசையாக இருப்பது இதுதான். அரசு ஆஸ்பத்திரியில் பிணவறை உதவியாளர், சிசிடிவி மாட்டிய கடைக்காரர், மகஜரில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குள் தலைகாட்ட முடியாத சாட்சி, இவர்களில் ஒருவரின் கண் வழியாக ஒரு கொலை வழக்கு, எஃப்.ஐ.ஆரிலிருந்து தீர்ப்பு வரை. கொலையாளி யார் என்று இருபதாம் பக்கத்திலேயே சொல்லிவிடட்டும், கவலையே இல்லை. அப்படி ஒன்று ஏற்கெனவே வந்திருந்தால் பெயரையும் பதிப்பகத்தையும் சொல்லுங்கள். இந்த வாரமே வாங்கிவிடுகிறேன், படித்துவிட்டு இங்கேயே விரிவாக எழுதுகிறேன்.