பார்பரா பிம்மும் பதினான்கு வருஷமும்

இங்கிலாந்து நாவலாசிரியர் பார்பரா பிம் பற்றி யார் பேச்செடுத்தாலும் நேராக 1977-க்குப் போய்விடுகிறார்கள். அந்த ஜனவரியில் டைம்ஸ் லிட்டரரி சப்ளிமென்ட் என்ற லண்டன் இலக்கிய வார இதழ், கடந்த 75 ஆண்டுகளில் உரிய மதிப்புக் கிடைக்காத எழுத்தாளர் யார் என்று பலரிடம் கேட்டது. கவிஞர் பிலிப் லார்கினும் இலக்கிய விமர்சகர் டேவிட் செசிலும் பிம் பெயரைச் சொன்னார்கள். அப்போது உயிரோடு இருந்த எழுத்தாளர்களில் இரண்டு பேர் வாயிலிருந்து வந்த பெயர் அது ஒன்றுதான். பதிப்பகக் கதவு திறந்தது. அதே ஆண்டு புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலிலும் வந்துவிட்டார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய பதினான்கு வருஷத்தை என்ன செய்வது?

1950-க்கும் 1961-க்கும் இடையில் ஆறு நாவல்கள். பாதிரியாருக்குத் தேநீர் ஊற்றித் தரும் கல்யாணமாகாத பெண்கள், ஆண்களின் தற்பெருமையை ஓரக்கண்ணால் பார்க்கும் கேலி. ஏழாவதை 1963-இல் கொண்டுபோய்க் கொடுத்தால் அவருடைய பதிப்பகமே வேண்டாம் என்றது. மற்றவர்களும் கைவிரித்தார்கள். பிம் லண்டனில் ஆப்பிரிக்க ஆய்விதழ் ஒன்றில் அடுத்தவர் கட்டுரைகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். 1971-இல் மார்பகப் புற்றுநோய், அறுவை சிகிச்சை. 1974-இல் வேலையிலிருந்து ஓய்வு.

புக்கர் பட்டியலுக்குப் போன 'குவார்டெட் இன் ஆட்டம்' நாவலை அவர் எழுதி முடித்தது இந்தப் புறக்கணிப்புக் காலத்தில்தான், லார்கின் வாய் திறப்பதற்கு முன்பே. ஓய்வு பெறும் வயதில் நான்கு அலுவலக ஊழியர்கள். அதில் மார்சியா என்று ஒருத்தி, காலி பால் பாட்டில்களைக் கழுவிக் கொட்டகையில் அடுக்கி வைப்பாள். அலமாரி நிறைய டின் உணவு இருக்கும், சாப்பிட மாட்டாள். அந்தப் பாட்டில்களுக்கு நடுவில் வேறு பால்பண்ணையின் பாட்டில் ஒன்று. கூட வேலை பார்த்த லெட்டி தந்ததுதான் என்று கண்டுபிடித்துவிடுகிறாள், அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தால்தான் நிம்மதி. மார்சியாவுக்கும் மார்பக அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. தன் உடம்பு பட்டதை எழுதும்போதும் பிம் நம்மை அழவைக்கப் பார்ப்பதில்லை. நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அந்தப் பாட்டிலையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

'என்ன ஒரு விடாமுயற்சி!' என்று அவரை மெச்சுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. திருப்பி அனுப்பியவர்களின் தப்பை எதற்கு இவர் கணக்கில் புண்ணியமாக எழுத வேண்டும்?

வெளிச்சம் வந்து மூன்றே வருஷம். 1980 ஜனவரியில், 66 வயதில், இறந்துபோனார். 1963-இல் வேண்டாம் என்ற அந்த ஏழாவது நாவல் 1982-இல் அச்சானது, லார்கினின் முன்னுரையோடு.